தரங்கம்பாடியில் ஓர் ஆண்டு

ஒரு திருச்சபையின் வரலாற்றைக் கேட்டால், கோயில் கட்டிய ஆண்டையும் கோபுரத்தின் உயரத்தையுமே பெரும்பாலும் முதலில் சொல்வர். கல்லில் வெட்டிய ஆண்டு கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலால் அதுவே வரலாறு என்று நாமும் எண்ணிவிடுகிறோம். ஒரு சபையின் உண்மையான மைல்கற்கள் எவை? விடை காண, 1707ஆம் ஆண்டின் தரங்கம்பாடிக்குச் செல்வோம்.

தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடம் 1620இல் உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் நிறுவிய வணிகத் துறைமுகம் அது. கடலை நோக்கிய கோட்டையும், தம் வழிபாட்டிற்கென 1701இல் எழுப்பிய சீயோன் ஆலயமும் அவர்களுக்கு இருந்தன. 1706 ஜூலை 9ஆம் நாள், டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்பிய ஜெர்மானியர் இருவர் அங்கே கரையிறங்கினர். ஒருவர் சீகன்பால்கு, மற்றவர் புளூட்சோ. சீகன்பால்குக்கு 24 வயது நிறைவதற்கு ஒரு நாள் எஞ்சியிருந்தது! மன்னரின் ஆணை கையில் இருந்தும், கோட்டைத் தலைவர் அவர்களை இன்முகத்துடன் ஏற்கவில்லை.

இடம் கிடைக்காதவர்கள் முதலில் தேடியது மொழியை. முதிய ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே திண்ணைப்பள்ளி நடத்துமாறு வேண்டினர். சிறுவர்களோடு தாமும் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பழகினர். பல்லாண்டுகள் ஆசிரியப்பணி செய்த எனக்கு, அந்த வரலாற்றில் மிகவும் உவப்பான காட்சி இதுவே. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராயினர்.

அடுத்த ஆண்டு நிகழ்ச்சிகள் விரைந்து தொடர்ந்தன. 1707 மே 12ஆம் நாள் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் யார்? வணிகரா? அதிகாரிகளா? அல்லர்; தம் உடலைக்கூடத் தமதென்று சொல்லிக்கொள்ள உரிமையற்ற அடிமைகள்; டேனியர் இல்லங்களில் ஊழியம் செய்தவர்கள். ஜூன் 14ஆம் நாள் ஒரு சிறு கோயிலுக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. பொருளுதவி போதாமையால் இருவரும் தம் ஊதியத்தையும் அதற்கே செலவிட்டனர். இரண்டே திங்களில், ஆகஸ்டு 14ஆம் நாள், எருசலேம் என்னும் பெயருடன் அக்கோயில் திறக்கப்பெற்றது. அன்று அருளுரை ஒலித்தது ஆட்சியாளரின் டேனிய மொழியில் அன்று. எளிய மக்கள் பேசிய தமிழிலும் போர்த்துக்கீசியத்திலும். செப்டம்பரில் தமிழர் ஒன்பதின்மர் திருமுழுக்குப் பெற்றுச் சபையிற் சேர்ந்தனர்.

இத்துணைச் சிறிய சபை அடுத்து மேற்கொண்டது கல்விப்பணி. ஏழைச் சிறுவர்க்கு உணவும் உடையும் அளித்துக் கற்பிக்கும் பள்ளிகள் தோன்றின. பெண்குழந்தைகளுக்கென ஒரு பள்ளியும் அவ்வாண்டிலேயே தொடங்கிற்று என்பர். அப்பள்ளிகளின் முதல் நோக்கம் சமயம் பரப்புவதே; அதை மறைத்தல் வரலாற்றுக்கு அறமன்று. ஆயினும், ஏடும் எழுத்தாணியும் எட்டாத வீட்டுக் குழந்தைகளைத் தேடி எழுத்துச் சென்றது என்பதும் உண்மையே. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அன்றே உணர்ந்து, சோற்றையும் எழுத்தையும் ஒருங்கே வழங்கினர்.

இவை இடையூறின்றி நிகழவில்லை. கோட்டைத் தலைவரோடு மூண்ட பிணக்கு முற்றி, 1708 நவம்பரில் சீகன்பால்கு சிறையிடப்பட்டார். நான்கு திங்கள் கோட்டைக்குள் அடைபட்டுக் கிடந்தார். வெளிவந்தபின் பணியைத் தொடர்ந்தார். 1715இல் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சேறி முடிந்தது. 1718இல் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. அடுத்த ஆண்டே, 36ஆம் வயதில் அவர் மறைந்து, அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். 1733 டிசம்பரில் ஆரோன் என்னும் தமிழர் குருப்பட்டம் பெற்றார். கேட்டு நின்ற மக்களிலிருந்தே ஒருவர் எழுந்து போதிக்கும் நிலை வர, 26 ஆண்டுகள் ஆயின.

நண்பர்களே! 1707இல் எழுந்த முதற்கோயில் இன்று இல்லை. பிற்காலத்தில் கடல் அதனைக் கொண்டுவிட்டது. மணலில் எழுதிய எழுத்தோ அழியவில்லை. பள்ளியாகவும் நூலாகவும் நிலைபெற்றது. எந்தச் சபையாயினும், எந்தச் சமயத்தினதாயினும், எந்த ஊரினதாயினும், ஆண்டு நிறைவில் தன்னையே கேட்டுக்கொள்ளத்தக்க வினா ஒன்று உண்டு: ‘நாம் எத்தனை அடி உயர்த்திக் கட்டினோம்?’ என்பதன்று, ‘கடையில் நின்றவர் எத்தனை பேரை அழைத்து நம் பக்கத்தில் அமர்த்தினோம்?’ என்பதே அது.