குருதிவழி உணவு: சருக்கரையும் கொழுப்பும்

வயிற்றில் அறுவை செய்துகொண்டவர் சில நாள்களேனும் வாயால் உண்ண இயலாது. அறுவை செவ்வனே முடிந்தும், உடலில் ஊட்டமின்மையால் உயிர் நீத்தோர் முற்காலத்தில் பலர். 1936-ஆம் ஆண்டில் ஹைரம் ஸ்டட்லி என்னும் அமெரிக்க மருத்துவர், குடற்புண்ணுக்காக அறுவை செய்துகொண்டோரை ஆராய்ந்தார். அறுவைக்கு முன்பே தம் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் இழந்திருந்தோருள் நூற்றுக்கு 33 பேர் மாண்டனர். ஏனையோருள் மாண்டவர் நூற்றுக்கு நால்வருக்கும் குறைவே. எனவே, உண்ண இயலாதவரின் உடலுக்கு எரிபொருளை எவ்வாறு ஊட்டுவது என்பது உயிர் காக்கும் வினாவாயிற்று.

முதலில் கைகொடுத்தது சருக்கரையே. குளுக்கோஸ் நீரில் எளிதிற் கரையும். நூற்றுக்கு ஐந்து பங்கு கரைசல் குருதியின் செறிவை ஒத்திருப்பதால் சிறிய சிரைகளும் அதனைத் தாங்கும். ஆயினும், அத்தகைய ஒரு லிட்டரில் உள்ளது 50 கிராம் சருக்கரை. அது தருவது ஏறத்தாழ 200 கலோரி. நாளொன்றுக்கு 2,000 கலோரி வேண்டுமாயின் பத்து லிட்டர் ஏற்ற வேண்டும். அவ்வளவு நீரை நோயுற்ற உடல் தாங்காது. கரைசலைச் செறிவாக்கினாலோ சிறிய சிரைகள் அழற்சியுற்று அடைபடும்.

கொழுப்பின் ஆற்றல் பெரிது. ஒரு கிராம் சருக்கரை 4 கலோரி தர, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தருகின்றது. ஆனால், எண்ணெய் நீரிற் கலவாது. பெருந்துளிகள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைத்துவிடும். அமெரிக்காவில் பருத்திவிதை எண்ணெயாற் செய்த பால்மம் காய்ச்சலையும் கல்லீரற் கேட்டையும் விளைவித்தமையால், 1960களில் கைவிடப்பட்டது. சுவீடன் நாட்டு அறிஞர் ஆர்விட் ரெட்லிண்ட் சோயா எண்ணெயை முட்டை மஞ்சட் கருவின் பாஸ்போலிப்பிடு கொண்டு நுண்துளிகளாக்கினார். 'இன்ட்ராலிப்பிட்' எனும் அப்பால்மம் 1960களின் தொடக்கத்தில் அந்நாட்டில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் நூற்றுக்குப் பத்துப் பங்குக் கலவை, லிட்டருக்கு ஏறத்தாழ 1,100 கலோரி தரும். சிறிய சிரைகளையும் வருத்தாது.

தக்க பால்மம் கைவசமில்லாத அமெரிக்கா வேறு வழி கண்டது. பென்சில்வேனியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்பார் இதயத்தை அடுத்த பெருஞ்சிரைக்குள் குழாயைச் செலுத்தினார். அங்கே பாயும் மிகுந்த குருதி, செறிந்த சருக்கரையை உடனே நீர்த்துவிடும். இவ்வழியே அமினோ அமிலங்களும் உயிர்ச்சத்துகளும் பெற்ற நாய்க்குட்டிகள், வாயால் ஏதும் உண்ணாமலே வளர்ந்தன. பின்னர், 1960களின் பிற்பகுதியில், குடற்குறையுடன் பிறந்த ஒரு பச்சிளங்குழவியும் இம்முறையால் வளர்ந்தது.

இவ்விரண்டில் எது சிறந்தது? கனடாவின் டொரான்டோவில் ஜீஜீபாயும் உடனுழைத்தோரும் 1976-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒளி தந்தது. உடற்புரதத்தைக் காப்பதில் கொழுப்பு முதற் சில நாள்களில் பின்தங்கியது. நான்கு நாள்களுக்குப் பின் சருக்கரைக்கு நிகராயிற்று.

இரண்டிற்கும் தனித்தனிக் குறைகள் உண்டு. சருக்கரை மிகின் குருதியில் அதன் அளவு உயரும். கல்லீரலிற் கொழுப்புப் படியும். அன்றியும், சருக்கரை எரியும்போது, உட்கொண்ட ஆக்சிஜன் அளவுக்குச் சமமாகக் கரியமில வாயு வெளிப்படும். கொழுப்பு எரியின் அது பத்துக்கு ஏழே. மூச்சுத் தளர்ந்த நோயாளிக்கு இவ்வேறுபாடு சிறிதன்று. மறுபுறம், குருதிச் சிவப்பணுக்களுக்குச் சருக்கரையே உணவு. மூளையும் பெரிதும் அதனையே நாடும். கொழுப்பே இல்லாவிடிலோ, உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாத கொழுப்பமிலங்கள் குன்றித் தோல் செதிலுதிரும்.

ஆதலின் இக்காலத்தார் இரண்டையும் அளவறிந்து சேர்த்தே ஊட்டுகின்றனர். குடல் இயங்குமாயின் குடல்வழி உணவையே முதலில் நாடுகின்றனர். இரு நாடுகள் இரு வேறு தடைகளை எதிர்கொண்டு கண்ட விடைகள், இன்று ஒரே நோயாளியின் சிரையில் ஒன்றுசேர்கின்றன. உணவுச் சத்துகளைப் பற்றிய பாடத்தை நடத்தும் ஆசிரியர்கள் இவ்வரலாற்றையும் உடன் கூறுவாராயின், நான்கு, ஒன்பது என்னும் எண்கள் மாணவர்க்கு வெறும் மனப்பாடமாக நில்லா. உயிரைத் தாங்கிய எண்களாக விளங்கும்.