பிரசிடெண்ட் சம்பளம்: கால் வேலி நிலத்திலிருந்து 2,000 ரூபாய் வரை

பட்டணத்து நண்பர்கள் போனில் பேசும்போது தவறாமல் கேட்கும் கேள்வி: "உங்க ஊர் பிரசிடெண்டுக்கு மாசம் எவ்வளவுய்யா சம்பளம்?" முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று அவர்களே ஒரு தொகையும் சொல்வார்கள். சம்பளம் என்று எதுவும் கிடையாது, மதிப்பூதியம்தான். அதுவும் பல வருஷம் 1,000 ரூபாயாக இருந்து அப்புறம்தான் 2,000 ஆச்சு என்றால் நம்ப மாட்டார்கள். "அப்ப எதுக்கு லட்சக்கணக்கா செலவு பண்ணி நிக்கிறாங்க?" என்று அடுத்த கேள்வி வரும்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஊர்ப் பொறுப்புக்குச் சம்பளம் வேண்டாம் என்று நாம் எப்போது, எப்படி நினைக்க ஆரம்பித்தோம் என்று பார்த்தால்தான் இதற்குப் பதில் கிடைக்கும். அதற்கு ஆயிரம் வருஷம் பின்னால் போகணும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டியது. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலையைப் பிரித்தார்கள். கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது, அவன் உறவுக்காரனும் வரக்கூடாது. இன்றைக்குப் படித்தாலும் பெருமையாகத்தான் இருக்கிறது.

அதே கல்வெட்டில் தகுதிகளும் இருக்கின்றன. வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் சொந்தமாக வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்க வேண்டும். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கக் கணக்கில் ஒரு வேலி என்பது 20 மா. கால் வேலி 5 மா. வேதப் படிப்பு இருந்தால் நில அளவில் கொஞ்சம் சலுகை உண்டு. ஆனால் நிலமே இல்லாதவருக்கு இடமில்லை. வாரியத்தில் உட்காருபவருக்குக் கூலி இவ்வளவு என்று அந்த விதிகள் பேசவில்லை. பேச வேண்டிய தேவையும் இல்லை. அவர் சபையில் உட்கார்ந்திருக்கும்போதும் அவருடைய வயலில் வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த வேலையைச் செய்தவர் பெயர் குடத்துக்குள் போக வழியே கிடையாது.

சம்பளமில்லாத பதவிக்கும் சொத்துத் தகுதிக்கும் உள்ள உறவு அங்கேயே தெரிகிறது.

வெள்ளைக்காரன் காலத்திலும் இது மாறவில்லை. மணியக்காரர், கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான் எல்லோருக்கும் வருமானம் இருந்தது. முதலில் மானிய நிலமாக, அப்புறம் சம்பளமாக. ஆனால் அதெல்லாம் பரம்பரை உத்தியோகம், தேர்தல் கிடையாது. 1895ல் அதற்கென்று தனிச்சட்டமே வந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1980ல்தான் அந்தப் பரம்பரை முறையை ஒழித்தார்கள். இன்னொரு பக்கம், 1884 சட்டப்படி வந்த ஜில்லா போர்டு, தாலுகா போர்டுகளில் பொறுப்பு என்பது கௌரவம். அந்தக் கௌரவத்தைத் தாங்க ஜமீன்தார், மிராசுதார், வக்கீல் மாதிரி ஆட்களால்தான் முடிந்தது. 1958ல் காமராஜர் ஆட்சியில் புதிய பஞ்சாயத்துச் சட்டம் வந்து, ஊருக்கு ஊர் பஞ்சாயத்து என்று விரிந்தபோதும், எங்கள் பக்கம் பிரசிடெண்ட் என்றால் நாலு ஜோடி மாடும் வில்வண்டியும் வைத்திருந்த வீட்டுக்காரர்தான். "அவருக்கென்ன, சம்பளமா கேட்கப்போறார்?" என்று ஊரே பெருமையாகச் சொல்லும்.

உண்மையான மாற்றம் 1996ல் வந்தது. 73வது அரசியல் சட்டத் திருத்தம், 1994 தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், அதன்பின் நடந்த தேர்தல். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு. நிலமில்லாதவர்கள் முதல்முறையாகப் பெரிய எண்ணிக்கையில் அந்த நாற்காலிக்கு வந்தார்கள். 2016ல் சட்டத்தைத் திருத்திப் பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆக்கினார்கள். ஆள் மாறிவிட்டார், ஆனால் பதவி மட்டும் வில்வண்டிக்காரருக்குத் தைத்த சட்டையாகவே இருந்தது.

எங்கள் பக்கத்து ஊரில் ஒரு அக்கா ஒதுக்கீட்டில் பிரசிடெண்ட் ஆனார். நடவு, களையெடுப்பு என்று கூலிக்குப் போனவர். ஜெயித்த வருஷம் சம்பா நடவுக்கும் எங்கள் வயலுக்கு வந்தார். வரப்பில் டீ குடிக்கும்போது சொன்னார்: "யூனியன் ஆபீசுக்கு ஒரு நாள் போனா அன்னிக்குக் கூலி போச்சுண்ணே. பஸ் சார்ஜ் வேற." தண்ணித் தொட்டி மோட்டார் எரிந்தால் ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். சாவு வீட்டுக்கு மாலை, காதுகுத்துக்கு மொய், ஆபீசில் டீச்செலவு எல்லாம் அவர் கையிலிருந்துதான். பஞ்சாயத்துப் பணம் வர மாசக்கணக்கில் ஆகும், மோட்டார் ரிப்பேருக்கு இன்றைக்கே காசு வேண்டும். ஒரு கான்ட்ராக்டர் கொடுத்தார். அடுத்த தடவையும் கொடுத்தார். மூன்றாவது வருஷம் எந்தத் தெருவில் சிமெண்ட் ரோடு என்று கான்ட்ராக்டர்தான் சொன்னார். காசோலையில் பிரசிடெண்டும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அந்தத் துணைத்தலைவர் பெரிய வீட்டுக்காரர். அக்காவின் கையெழுத்துக்கு இரண்டு பக்கமும் வேறு யாரோ நின்றார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2023ல் நூறுநாள் வேலைக்கு அரசு வைத்த ஒரு நாள் கூலி 294 ரூபாய். 2,000 ரூபாய் என்பது ஏழு நாள் மண்வெட்டி பிடித்தால் வருகிற தொகைக்கும் கொஞ்சம் குறைவு. மாசத்தில் மிச்ச நாளெல்லாம் அவர் எதைச் சாப்பிடுவார்?

அதே 2023 ஜூலையில் நகரத்துப் பிரதிநிதிகளுக்கு அரசு மாத மதிப்பூதியம் கொடுக்க ஆரம்பித்தது. மேயருக்கு 30,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000, நகராட்சித் தலைவருக்கு 15,000, பேரூராட்சித் தலைவருக்கு 10,000. அது தப்பில்லை, சரியான வேலை. ஆனால் பக்கத்துப் பேரூராட்சியில் தண்ணித்தொட்டியையும் தெருவிளக்கையும் பார்ப்பவருக்கு 10,000, இங்கே அதே வேலைக்கு 2,000 என்பது என்ன கணக்கு?

எம்.எல்.ஏ.க்கள் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தங்கள் சம்பளத்துக்கான சட்டத்தை அவர்களே நிறைவேற்றிக்கொள்ளலாம். 55,000 ரூபாய் 1,05,000 ஆனதற்கான மசோதா 2018 ஜனவரியில் சட்டசபைக்கு வந்தது. அந்த நேரத்தில் எங்கள் ஊர்களில் பிரசிடெண்டே கிடையாது. 2016ல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நின்றுபோய், தனி அலுவலர்கள்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேவைக்குச் சம்பளமா?" என்று கேட்பவர்களுக்கு இங்கிலாந்துக் கதை ஒன்று உண்டு. 1838ல் அங்கே சாசன இயக்கத் தொழிலாளர்கள் ஆறு கோரிக்கை வைத்தார்கள். ஆண்கள் எல்லோருக்கும் ஓட்டு என்று கேட்ட அதே பட்டியலில், எம்.பி.க்களுக்குச் சம்பளம் கொடு, சொத்துத் தகுதியை எடு என்றும் கேட்டார்கள். ஓட்டு மட்டும் கிடைத்தால் போதாது, ஆலைவேலையை விட்டுவிட்டு வந்து உட்காரச் சோறு வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சம்பளம், வருஷத்துக்கு 400 பவுண்டு, 1911ல்தான் வந்தது.

எதிர்ப்பக்கப் பயமும் நியாயமானதுதான். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் பெல் என்று ஒரு சின்ன நகரம். மக்கள்தொகை 35,000 சொச்சம், பெரும்பாலும் உழைக்கும் ஜனங்கள். கலிபோர்னியா மாநிலச் சட்டம் நகரசபை உறுப்பினர் சம்பளத்துக்கு வரம்பு வைத்திருந்தது. 2005ல் ஒரு தனித் தேர்தல் நடத்தித் தங்களுக்கென்று தனிச் சாசனம் எழுதி, அந்த வரம்புக்கு வெளியே போனார்கள். ஓட்டுப் போட்டவர்கள் 400 பேர்கூட இல்லை. 2010ல் லாஸ் ஏஞ்சல்ஸ் டைம்ஸ் பத்திரிகை வெளியே கொண்டுவந்தபோது, பகுதிநேர உறுப்பினர்கள் வருஷத்துக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பெயருக்குக் கூடிய வாரியங்களுக்கெல்லாம் தனித்தனிப் படி. நகர நிர்வாகிக்குக் கிட்டத்தட்ட எட்டு லட்சம் டாலர். வழக்கு நடந்து, 2013ல் முன்னாள் உறுப்பினர்கள் ஐந்து பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது.

பெல் நகரத்தில் கெட்டது சம்பளம் என்கிற ஏற்பாடு இல்லை. வாங்குபவரே தொகையை முடிவு பண்ணினார், யாருக்கும் தெரியாமல் பண்ணினார். அந்த இரண்டையும் அடைத்துவிட்டால் போதும்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பிரசிடெண்டின் மாதச் சம்பளத்தை நூறுநாள் வேலைக் கூலியின் 26 நாள் தொகையாக வைக்கலாம். 2023 கூலிப்படி 7,644 ரூபாய். கூலிக்காரருக்கு ஏறும்போது இவருக்கும் ஏறும். தனியாக யாரும் கெஞ்ச வேண்டாம். முறையை மாற்றினால் அடுத்த தேர்தலில் வருபவருக்குத்தான் பொருந்தணும். தொகையையும் பயணப்படியையும் கிராமசபையில் வாசித்துக் காட்டணும்.

சம்பளம் கொடுத்தால் கமிஷன் நின்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. வாங்குகிறவர் வாங்கத்தான் செய்வார். ஆனால் வாங்கக்கூடாது என்று நினைக்கிற கூலிக்காரர் ஒருவர், யாரிடமும் கடன்படாமல் அந்த ஐந்து வருஷத்தை ஓட்ட ஒரு வழி வேண்டும். இன்றைக்கு அது இல்லை.