பிளிக்கரும் குறிச்சொற்களும்: இணையவழி ஒளிப்படத் தேடலின் வரலாறு

பிளிக்கர் என்பது ஒளிப்படங்களைச் சேமிக்கவும் தேடவும் பகிரவும் உதவும் ஓர் இணையச் சேவை ஆகும். கனடாவின் வான்கூவர் நகரில் இயங்கிய லூடிகார்ப் நிறுவனம் 2004 பிப்ரவரியில் இதைத் தொடங்கியது. இணையத்தில் படங்களைப் பகிர்ந்த முதல் தளம் இதுவன்று. எனினும் படங்களுக்குப் பெயரிடும் வேலையைப் பொதுமக்களிடம் பெரிய அளவில் கொண்டுசேர்த்த தளம் என்ற வகையில் இது வரலாற்றில் இடம்பெறுகிறது. அந்த வேலை பின்னர் இயந்திரங்களிடம் சென்ற கதையும் இதே தளத்தில் காணக்கிடைக்கிறது.

பின்னணி

எழுத்தாவணம் ஒன்றைத் தேடுவது எளிது. தேடும் சொல் அந்த ஆவணத்துக்குள்ளேயே இருக்கும். ஒளிப்படத்தில் அத்தகைய சொற்கள் இல்லை. யாராவது அதற்குச் சொற்களை எழுதி வைத்தால்தான் அதைத் தேடிக் கண்டுபிடிக்க இயலும். நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இந்தப் பணியைப் பயிற்சி பெற்ற பட்டியலாளர்கள் செய்துவந்தனர். அவர்கள் வரையறுக்கப்பட்ட தலைப்புச் சொற்களை மட்டுமே பயன்படுத்தினர்.

2000-களின் தொடக்கத்தில் எண்மியப் படக்கருவிகள் பரவியபோது இம்முறை போதாமற்போனது. ஒரு பயணத்திலேயே நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்பட்டன. படக்கருவி தானே இடும் எண்தான் பல படங்களுக்குக் கோப்புப் பெயராக நின்றது. 1999-இல் தோன்றிய ஓஃபோட்டோ, ஷட்டர்ஃபிளை போன்ற தளங்கள் படங்களைத் தொகுப்புகளாக வைத்து, அவற்றைக் காகிதத்தில் அச்சிட்டு விற்பதையே வணிகமாகக் கொண்டிருந்தன. அந்நியர் ஒருவரின் படத்தைத் தேடிப் பார்ப்பது அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை.

தோற்றம்

ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் கேத்தரினா ஃபேக்கும் லூடிகார்ப் நிறுவனத்தை 2002-இல் தொடங்கியது ஓர் இணைய விளையாட்டை உருவாக்குவதற்காகவே. 'கேம் நெவரெண்டிங்' என்ற அந்த விளையாட்டு முழுமை பெறவில்லை. அதற்காக எழுதப்பட்ட கருவிகளிலிருந்தே பிளிக்கர் பிறந்தது. தொடக்கத்தில் அது உரையாடிக்கொண்டே படங்களைப் பரிமாறும் அறையாக இருந்தது. விரைவில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப்பக்கம் கொண்ட தளமாக மாறியது.

இரண்டு முடிவுகள் இத்தளத்தை மற்றவற்றிலிருந்து பிரித்தன. முதலாவது, பயனர் மாற்றாதவரை படம் எல்லோருக்கும் தெரியும்படி இருந்தது. இரண்டாவது, படத்தோடு விரும்பிய குறிச்சொற்களைச் சேர்க்க முடிந்தது. இணைய முகவரிகளுக்குக் குறிச்சொல் இடும் வழக்கத்தை ஜோசுவா சாக்டர் உருவாக்கிய டெலிசியஸ் தளம் 2003-இலேயே தொடங்கியிருந்தது. மக்களே உருவாக்கும் இந்த வகைப்பாட்டு முறைக்கு 2004-இல் தாமஸ் வாண்டர் வால் 'ஃபோக்சானமி' என்று பெயரிட்டார்.

குறிச்சொல் செயற்பட்ட விதம்

நூலகத்தில் ஒரு நூலுக்கு ஒரே அலமாரி இடம்தான். குறிச்சொல் முறையில் ஒரே படம் பல இடங்களில் இருக்கலாம். மெரினாவில் எடுத்த ஒரு படம் 'கடற்கரை', 'சென்னை', 'பட்டம்', 'மாலை' ஆகிய நான்கு தேடல்களிலும் கிடைக்கும். படம் எடுத்தவர் தம் வசதிக்காக இட்ட சொல், முன்பின் அறியாத ஒருவருக்கும் வழிகாட்டியது.

குறைகளும் இருந்தன. ஒருமையும் பன்மையும் வெவ்வேறு சொற்களாக எண்ணப்பட்டன. ஒரு மொழியில் இட்ட சொல் வேறு மொழியில் தேடுபவருக்குப் பயன்படவில்லை. ஆங்கிலத்தில் 'டர்க்கி' என்று தேடினால் நாடும் வான்கோழியும் கலந்தே வந்தன. இதைச் சரிசெய்ய, சேர்ந்து வரும் சொற்களைக் கொண்டு படங்களைக் கொத்துகளாகப் பிரிக்கும் வசதி 2005-இல் வந்தது. 2006-இல் படங்களை நிலப்படத்தில் குறிக்கும் வசதி சேர்ந்தது.

பகிர்வும் உரிமமும்

பிறர் எழுதும் செயலிகள் தளத்தின் தரவைப் பெறுவதற்கான இடைமுகத்தை பிளிக்கர் 2004-இலேயே திறந்துவிட்டது. அதே ஆண்டில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதியையும் தந்தது. விக்கிப்பீடியாவின் பல மொழிப் பதிப்புகளில் காணப்படும் படங்களில் கணிசமானவை இவ்வழியே வந்தவை. யாகூ நிறுவனம் 2005 மார்ச்சில் இத்தளத்தை வாங்கியது.

உரிமத்தின் எல்லையை 2007-இல் ஒரு வழக்கு வெளிப்படுத்தியது. அமெரிக்கச் சிறுமி ஒருத்தியின் படம், வணிகப் பயன்பாட்டை அனுமதிக்கும் உரிமத்துடன் தளத்தில் இருந்தது. ஆத்திரேலியக் கைப்பேசி நிறுவனம் ஒன்று அதைத் தன் விளம்பரத்தில் பயன்படுத்தியது. சிறுமியின் குடும்பம் டெக்சாசில் வழக்குத் தொடுத்தது. அந்த நீதிமன்றத்துக்கு ஆத்திரேலிய நிறுவனத்தின்மேல் அதிகாரம் இல்லை என்ற காரணத்தால் வழக்கு தள்ளுபடியானது. படத்தை எடுத்தவர் உரிமம் தந்தால், படத்தில் இருப்பவரும் சம்மதித்தார் என்று பொருளாகுமா என்ற கேள்வி தீராமலே நின்றது.

நூலகம் மக்களிடம் கேட்டது

2008 சனவரியில் அமெரிக்கக் காங்கிரசு நூலகம் சுமார் 3,000 பழைய படங்களை பிளிக்கரில் வெளியிட்டது. 'தி காமன்ஸ்' என்ற திட்டம் இவ்வாறு தொடங்கியது. வெளியிடப்பட்டவற்றில் ஒரு பகுதி, பெயின் செய்திப்பட நிறுவனம் 1910-களில் எடுத்தவை. அவற்றின் கண்ணாடித் தகடுகளில் செய்தித்தாள் அவசரத்தில் கீறப்பட்ட குறிப்புகளே விவரமாக இருந்தன. சிலவற்றில் வெறும் குடும்பப் பெயர். சிலவற்றில் பிழையான எழுத்து.

அக்டோபர் 2008-க்குள் 2,518 பயனர்கள் 67,176 குறிச்சொற்களைச் சேர்த்தனர். கருத்துகள் 7,000-ஐத் தாண்டின. பலர் பழைய செய்தித்தாள்களைத் தேடிப் படத்தில் இருந்தவர் யார், எந்த நாள், எந்தத் தெரு என்று கண்டறிந்து எழுதினர். நூலக ஊழியர்கள் அவற்றைச் சரிபார்த்து 500-க்கும் மேற்பட்ட பட்டியல் பதிவுகளில் புதிய தகவல்களைச் சேர்த்தனர். தகாதவை என்று நீக்க நேர்ந்த பதிவுகள் 25-க்கும் குறைவு. சிட்னியின் பவர்ஹவுஸ் அருங்காட்சியகம், சுமித்சோனியன் நிறுவனம் முதலியவை அதே ஆண்டில் இத்திட்டத்தில் இணைந்தன.

இங்கே நூலகர் தம் இடத்தை இழக்கவில்லை. மக்கள் சொன்னார்கள், நூலகர் சரிபார்த்தார். இரண்டும் சேர்ந்தபோதுதான் பட்டியல் திருந்தியது.

இயந்திரம் இட்ட பெயர்கள்

2015 மே மாதத்தில் பிளிக்கர், படத்தை ஆராய்ந்து தானாகவே குறிச்சொல் இடும் முறையை விரிவாக அறிமுகப்படுத்தியது. பெயரிடப்படாமல் கிடந்த படங்களும் தேடலில் கிடைக்கத் தொடங்கின. ஆனால் டாக்காவ் நாசி வதைமுகாமின் வாயிற்கதவுப் படத்துக்குக் குழந்தைகள் ஏறி விளையாடும் சட்டத்தைக் குறிக்கும் சொல் இடப்பட்டது. கறுப்பின ஆண் ஒருவரின் படத்துக்கு 'குரங்கு' என்ற பொருள்தரும் சொல் இடப்பட்டது. கண்டனம் எழுந்தபின் நிறுவனம் பிழையை ஒப்புக்கொண்டது. கம்பிகளின் வடிவத்தை இயந்திரம் அறிந்தது. அந்த இடத்தில் நடந்ததை அது அறியவில்லை.

இத்தகைய இயந்திரங்களைப் பயிற்றுவிக்க உதவியதும் மக்கள் பகிர்ந்த படங்களே. 2014-இல் யாகூ, பிளிக்கரின் கிரியேட்டிவ் காமன்ஸ் படங்களில் சுமார் 9.92 கோடியையும் 8 லட்சம் காணொளிகளையும் ஆய்வுத் தொகுப்பாக வெளியிட்டது. அதிலிருந்து ஐபிஎம் நிறுவனம் ஏறத்தாழ 10 லட்சம் முகங்களை எடுத்து, 2019-இல் முகமறியும் ஆய்வுக்கெனத் தந்தது. படம் எடுத்தவர்களும் படத்தில் இருந்தவர்களும் இதை முன்கூட்டி அறிந்திருக்கவில்லை. 2007 வழக்கில் எழுந்த கேள்வி பன்மடங்காகத் திரும்பி வந்தது.

சேமிப்பும் இழப்பும்

2013-இல் யாகூ ஒவ்வொரு பயனருக்கும் ஒரு டெராபைட் இடத்தை இலவசமாக அளித்தது. 2017-இல் யாகூவின் இணையச் சேவைகள் வெரைசனுக்குச் சென்றன. 2018 ஏப்ரலில் சுமக்மக் நிறுவனம் பிளிக்கரை வாங்கியது. இலவசக் கணக்கில் 1,000 படங்கள் மட்டுமே இருக்கலாம் என்று அவ்வாண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்டது. மிகுதியான படங்கள் 2019 முதல், பழையவற்றிலிருந்து தொடங்கி நீக்கப்படும் என்றது அறிவிப்பு. எதிர்ப்புக்குப் பின் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் கொண்ட படங்களுக்கு விலக்களிக்கப்பட்டது. 'தி காமன்ஸ்' திட்டத்தையும் நீண்டகாலப் பாதுகாப்பையும் கவனிக்க 2022-இல் பிளிக்கர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது.

காங்கிரசு நூலகத்திடம் கண்ணாடித் தகடுகள் உள்ளன; இணையப் படி அழிந்தாலும் படம் மிஞ்சும். சாதாரணப் பயனர் பலருக்கு அத்தகைய மூலம் இல்லை. படம் நீங்கும்போது, அதன்கீழ் 'இது யார், எந்த ஊர்' என்று பிறர் எழுதிய சொற்களும் சேர்ந்தே நீங்குகின்றன.