ஒற்றை நட்சத்திரத்தின் விலை

மார்ச் மாத ஆணிகளை எல்லாம் ஒரு வழியாகப் பிடுங்கி முடித்து மூச்சு விட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம். எவர்சில்வர் பாத்திரங்களை இணையத்தில் விற்கும் சின்ன வியாபாரி ஒருவர், கேஷ் கிரெடிட் லிமிட்டைப் புதுப்பிக்க வந்து எதிரில் உட்கார்ந்தார். போன வருடத்தைவிட விற்பனை குறைந்திருந்தது. ஏன் என்று கேட்டேன். பேசாமல் மொபைலை நீட்டினார். "சாஹேப், நீங்களே பாருங்க."

ஏழெட்டு ஒற்றை நட்சத்திர விமர்சனங்கள். மூன்று நாள் தாமதமாக வந்தது என்று ஒருவர். அட்டைப்பெட்டி கிழிந்திருந்தது என்று ஒருவர். டெலிவரி பையன் மரியாதையாகப் பேசவில்லை என்று இன்னொருவர். பாத்திரத்தைப் பற்றி யாருமே ஒரு வார்த்தை எழுதவில்லை. கூரியரைத் தேர்ந்தெடுத்தது விற்பனைத் தளம். அடி வாங்கியது இவர்.

எனக்குச் சுருக்கென்றது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் கொஞ்சம் கொசுவர்த்தி சுற்றிக்கொள்ளுங்கள். (பி.காம். படித்தவனுக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள். பழைய கணக்கைப் புரட்டாமல் கடன் கொடுக்காதே என்பதுதான் எங்கள் தொழிலின் பாலபாடம்.)

1995 ஜூலையில் அமேசான் புத்தகக் கடையாகத் திறந்தது. அந்த வருடமே, வாங்கியவர்கள் புத்தகத்தைப் பற்றி எழுத இடம் கொடுத்தார்கள். திட்டியும் எழுதலாம். "விற்றால்தானே உனக்குக் காசு, உன் கடையிலேயே சரக்கு சரியில்லை என்று எழுத விடுகிறாயே" என்ற ரீதியில் ஒருவர் கடிதம் போட்டதாக ஜெஃப் பெசோஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவர் பதில் இதுதான்: பொருளை விற்பதால் எங்களுக்குக் காசு வரவில்லை, எதை வாங்கலாம் என்று முடிவெடுக்க உதவுவதால்தான் வருகிறது.

அதே 1995-ல் பியர் ஒமிடியார் தொடங்கிய ஏலத் தளம்தான் பிறகு ஈபே ஆனது. முகம் தெரியாத ஆளுக்குப் பணம் அனுப்பும் வியாபாரம். நம்பிக்கைக்கு என்ன வழி? 1996 பிப்ரவரியில் விற்பவரும் வாங்குபவரும் ஒருவருக்கொருவர் மதிப்பெண் போடும் முறை வந்தது. நல்லது என்றால் கூட்டல் ஒன்று, கெட்டது என்றால் கழித்தல் ஒன்று, இரண்டும் இல்லை என்றால் பூஜ்யம்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நடந்ததோ கல்யாண வீட்டு மொய் கதை. நீ எனக்கு நல்லபடி எழுது, நான் உனக்கு எழுதுகிறேன். நீ குறை சொன்னால் நானும் சொல்வேன். இந்தப் பயத்தில் பலர் உண்மையை எழுதவே இல்லை. கடைசியில் 2008 மே மாதம், விற்பவர் வாங்குபவருக்குக் கெட்ட மதிப்பெண் போட முடியாது என்று ஈபே விதியை மாற்றியது. பயந்து எழுதிய பாராட்டும் பொய்தான் என்று புரிய பன்னிரண்டு வருடம் ஆனது!

அடுத்த கூத்து 2004 பிப்ரவரியில். அமேசானின் கனடா தளத்தில் ஏதோ கோளாறு. பெயர் போடாமல் 'ஒரு வாசகர்' என்று எழுதியவர்களின் நிஜப் பெயர்கள் வெளியே தெரிந்துவிட்டன. பார்த்தால், சில எழுத்தாளர்கள் தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே நட்சத்திரம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஜான் ரெச்சி என்ற பிரபல அமெரிக்க எழுத்தாளரே, சிகாகோ வாசகர் என்ற போர்வையில் தன் நாவலுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

2010-ல் இதற்கு நேர் எதிர்க் கதை. ஆர்லாண்டோ ஃபைஜஸ் என்ற பிரிட்டிஷ் வரலாற்றாசிரியர், வேறு பெயரில் ஒளிந்துகொண்டு சக வரலாற்றாசிரியர்களின் புத்தகங்களை அமேசானில் மட்டம் தட்டி எழுதியிருந்தார். மாட்டிக்கொண்டதும் முதலில் எழுதியது மனைவி என்று சொன்னார்கள் (ரங்கமணிகளே, கவனிக்க!). அப்புறம் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டு, நஷ்ட ஈடும் கொடுத்தார்.

பிறகு இது தொழிலாகவே ஆகிவிட்டது. ஐந்து டாலருக்கு ஐந்து நட்சத்திரம். 2015 அக்டோபரில், அப்படி எழுதித் தருவதாக விளம்பரம் செய்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மீது அமேசான் வழக்குப் போட்டது. அடுத்த வருடம், பொருளை இலவசமாக வாங்கிக்கொண்டு விமர்சனம் எழுதும் பழக்கத்துக்கும் பெரும்பாலும் தடை வந்தது.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. மும்பையில் 2000-ல் மௌத்ஷட் தொடங்கியது. இங்கே பிரச்சினை வேறு மாதிரி வந்தது. பொய்ப் பாராட்டைவிட, உண்மையான குறையை அழிக்கச் சொல்லி வந்த நெருக்கடிதான் பெரிது. 2011 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, யாராவது புகார் எழுதினாலே தளம் 36 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும். அதை எதிர்த்து மௌத்ஷட் 2013-ல் உச்ச நீதிமன்றம் போனது. 2015 மார்ச் 24-ம் தேதி ஸ்ரேயா சிங்கால் வழக்கில் தீர்ப்பு வந்தது. நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளம் நீக்கக் கடமைப்பட்டது என்றானது. நீங்களும் நானும் தைரியமாகக் குறை எழுத முடிவதில் அந்தத் தீர்ப்புக்கும் பங்கு உண்டு.

2020 மின்வணிக விதிகள், விற்பவர் வாடிக்கையாளர் வேஷம் போட்டு விமர்சனம் எழுதக் கூடாது என்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் இதற்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தை வெளியிட்டது. எழுதியவர் நிஜ ஆள்தானா என்று சரிபார்க்க வேண்டும், காசு வாங்கி எழுதியதைப் போடக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. வந்தபோது அது கட்டாயமில்லை, விரும்பிய தளங்கள் பின்பற்றலாம் என்ற அளவில்தான் இருந்தது.

இந்தச் சட்டங்கள் எல்லாம் பொய்யைத்தான் பிடிக்கும். என் முன்னால் உட்கார்ந்திருந்தவரை அடித்தது பொய் இல்லையே! பெட்டி கிழிந்தது நிஜம், தாமதமும் நிஜம். ஒரு கோபத்தைச் சம்பந்தமில்லாதவர் கணக்கில் பற்று எழுதியதுதான் தப்பு.

சின்னவர்களுக்குத்தான் இதில் அடி அதிகம். ஹார்வர்டில் மைக்கேல் லூகா 2011-ல் சியாட்டில் நகர உணவகங்களை ஆராய்ந்தார். யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. ஆனால் பல கிளைகள் உள்ள பெரிய உணவகங்களுக்கு அந்தப் பாதிப்பே இல்லை. பெயர் தெரிந்த கடைக்கு நட்சத்திரம் அலங்காரம். பெயர் தெரியாதவருக்கு அதுதான் பிழைப்பு.

வங்கியில் ஒரு பார்ட்டியைப் பற்றி இன்னொரு வங்கியிடம் ஒப்பீனியன் ரிப்போர்ட் கேட்போம். 'நல்லவர்' என்று ஒற்றை வரியில் வந்தால் அதற்கு மதிப்பில்லை. எத்தனை வருடப் பழக்கம், எவ்வளவு தொகை, எப்போதாவது தவணை தவறியதா என்று பார்ப்போம். விமர்சனத்தையும் அப்படித்தான் படிக்க வேண்டும் என்பது என் கட்சி. எத்தனை நாள் பயன்படுத்தினார்? என்ன வேலைக்கு? எது சரியில்லை: பொருளா, பெட்டியா, கூரியரா? எழுதியவருக்கு இதில் ஏதாவது லாபம் உண்டா? பொதுவாக ஐந்தும் ஒன்றும்தான் குவிந்து கிடக்கும். மூன்று நட்சத்திரக்காரர்களைத் தேடிப் படியுங்கள். அவர்கள்தான் பொறுமையாக இரண்டு பக்கமும் சொல்வார்கள்.

வியாபாரியின் திரும்பி வந்த சரக்குக் கணக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பாத்திரம் சரியில்லை என்று திரும்பியது மிகக் குறைவு. லிமிட்டைக் குறைக்காமல் புதுப்பிக்கலாம் என்று அதையும் சேர்த்துக் குறிப்பு எழுதினேன்.

இப்போது சுருக்கென்ற கதை. நாங்கள் அகமதாபாத் வந்த புதிதில் கோயம்புத்தூரிலிருந்து ஒரு டேபிள் டாப் கிரைண்டர் வரவழைத்தோம். பத்து நாள் தாமதம். வீட்டில் மாவு இல்லை, கடை மாவு புளிப்பு, எனக்கோ கோபம். கிரைண்டரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதற்கு முன்பே ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டேன். அந்தக் கிரைண்டரில் அரைத்த இட்லியைத்தான் மூன்று வருடமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்!

அன்று ராத்திரி அதைத் தேடிப் பிடித்துத் திருத்தினேன். "நாலு பேர் குடும்பம். வாரம் இரண்டு தடவை மாவு. மூன்று வருடத்தில் ஒரு முறை பெல்ட் மாற்றினோம். கல்லில் குறையில்லை. கழுவத் தூக்குவதற்குக் கனமாக இருக்கிறது. தாமதம் கூரியரால் வந்தது." நான்கு நட்சத்திரம்.

"அந்தக் கனத்துக்கு ஒரு நட்சத்திரம் குறைச்சீங்களே, தினம் தூக்கிக் கழுவுறது யாரு?" என்றார் தங்கமணி.

அவர் கேட்டதும் சரிதான். விமர்சனத்தைப் பயன்படுத்துகிறவர் எழுத வேண்டும் என்பதை விட்டுவிட்டேன் :-)

உங்கள் பழைய ஒற்றை நட்சத்திரங்களையும் ஒரு தடவை போய்ப் பாருங்களேன். யார் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள் என்று பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.