உமிழ்நீர்ப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைப்புற மக்களுக்கு ஒரு விளக்கம்

திருவனந்தபுரம்: சில துளி உமிழ்நீரைக் கொண்டு பற்சிதைவு அபாயத்தையும் உடலின் வேறு சில நோய்களையும் அறியும் முறைகள் பல் மருத்துவத்தில் கவனம் பெற்று வருகின்றன. ஆயினும், வாய்ப் புற்றுநோயைப் பொறுத்தவரை, வாயைத் திறந்து கண்ணால் பார்க்கும் எளிய பரிசோதனைக்கே உயிரிழப்பைக் குறைத்ததற்கான சான்று உள்ளது. அந்தச் சான்று, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அமைந்துள்ள திருவனந்தபுரம் மாவட்டத்திலேயே கிடைத்தது என்பது குறிப்பிடத்தக்கது.

எல்லைப்புறத்தின் நிலை

கேரளத்தின் தென்கோடியில் உள்ள நெய்யாற்றின்கரை வட்டத்தில் பாறசாலை, காரோடு, குளத்தூர் உள்ளிட்ட ஊராட்சிகள் தமிழகத்தின் கன்னியாகுமரி மாவட்டத்தை ஒட்டி அமைந்துள்ளன. 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மறுசீரமைக்கப்பட்டபோது கன்னியாகுமரி தமிழகத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நீடித்தது. எனினும் களியக்காவிளைச் சந்தை, பேருந்துப் போக்குவரத்து, திருமண உறவு ஆகியவற்றால் இருபுற மக்களின் அன்றாட வாழ்க்கை இன்றும் பிணைந்தே உள்ளது. தமிழும் மலையாளமும் இங்கு ஒருங்கே புழங்குகின்றன.

இருபுறமும் வெற்றிலை பாக்குப் பழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பாக்கும், புகையிலை கலவாத வெற்றிலைச் சுருளும்கூடப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார அமைப்பின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வகைப்படுத்தியது. புகையிலை கலந்த குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்குக் கேரளம் 2012-லும் தமிழகம் 2013-லும் தடை விதித்தன. ஆனால் வெற்றிலையும் பாக்கும் தடைக்கு உட்பட்டவை அல்ல.

உமிழ்நீரின் பணி

மனித உடல் நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீரைச் சுரக்கிறது. உணவுத் துணுக்குகளைக் கழுவுதல், கிருமிகளைக் கட்டுப்படுத்துதல், அமிலத்தைத் தணித்தல், பல்லின் மேற்பூச்சான எனாமல் இழந்த கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் மீட்டுத் தருதல் ஆகியவை அதன் பணிகள். இனிப்பு உண்டபின் கிருமிகள் உருவாக்கும் அமிலத்தால் வாயின் பி.எச். அளவு சுமார் 5.5-க்குக் கீழே இறங்கும்போது எனாமல் கரையத் தொடங்குகிறது. அதனைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில் உமிழ்நீர் முக்கியப் பங்கு வகிக்கிறது.

பரிசோதனை எவ்வாறு நடைபெறும்?

பல் மருத்துவத்தில் பொதுவாக நான்கு அம்சங்கள் அளவிடப்படுகின்றன: சுரக்கும் அளவு, அமிலத்தன்மை, அமிலத்தைத் தணிக்கும் திறன், பற்சிதைவுக்குக் காரணமான கிருமிகளின் எண்ணிக்கை. பரிசோதனைக்கு முன் ஒரு மணி நேரம் வரை உண்ணுதல், பருகுதல், புகைத்தல், பல் துலக்குதல் ஆகியவற்றைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படும். பின்னர் அமைதியாக அமர்ந்து, வாயில் ஊறும் நீரை அளவுக் குறியிட்ட கிண்ணத்தில் 5 நிமிடங்கள் சேகரிக்க வேண்டும். மெழுகுத் துண்டு ஒன்றை மென்றபடியும் அளவு எடுக்கப்படுவதுண்டு.

மெல்லாத நிலையில் நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டருக்கும் குறைவாகச் சுரந்தால், அதாவது 5 நிமிடங்களில் அரை மில்லிலிட்டர்கூடச் சேராவிட்டால், அது உமிழ்நீர்க் குறைபாடாகக் கருதப்படும். இரத்த அழுத்தம், மன அழுத்தம், ஒவ்வாமை ஆகியவற்றுக்கான சில மருந்துகள், கட்டுப்பாடற்ற நீரிழிவு, தலை மற்றும் கழுத்துப் பகுதிக்கான கதிர்வீச்சுச் சிகிச்சை ஆகியவை இதற்குக் காரணமாகலாம். எனவே பல் மருத்துவரிடம் செல்வோர் தாம் உட்கொள்ளும் மாத்திரைகளின் விவரத்தைத் தெரிவிப்பது அவசியம்.

பல்லும் முழு உடலும்

வாய்க்கும் உடலுக்கும் உள்ள தொடர்பில் வலுவான சான்று நீரிழிவு நோய்க்கே உள்ளது. நீரிழிவு ஈறு நோயைத் தீவிரப்படுத்துகிறது. ஈறு நோய் சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கடினமாக்குகிறது. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளிடம், 3 முதல் 4 மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவான எச்.பி.ஏ.1சி. சராசரியாக 0.43 சதவீதப் புள்ளிகள் குறைந்ததாக 2022-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது.

எல்லைப்புற மக்களுக்கு இது சிறிய செய்தி அன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, கேரளத்தில் வயதுவந்தோரில் 25.5 சதவீதத்தினருக்கும் தமிழகத்தில் 14.4 சதவீதத்தினருக்கும் நீரிழிவு உள்ளது.

இதய நோயைப் பொறுத்தவரை நிலைமை வேறு. ஈறு நோய்க்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் தொடர்பு காணப்பட்டாலும், ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என நிறுவப்படவில்லை என்று அமெரிக்க இதயச் சங்கம் 2012-ல் விளக்கமளித்தது.

எதைச் சொல்லாது?

உமிழ்நீரில் உள்ள சர்க்கரை அளவைக் கொண்டு நீரிழிவு நோய் உறுதி செய்யப்படுவதில்லை. அதற்கு இரத்தப் பரிசோதனையே அளவுகோல். வாய்த் திரவத்தில் எச்.ஐ.வி. எதிர்ப்பொருளைக் கண்டறியும் ஓராக்விக் கருவியை வீட்டிலேயே பயன்படுத்த அமெரிக்கா 2012-ல் அனுமதித்தது. ஆனால் அதில் தொற்று இருப்பதாகத் தெரிந்தால், மேற்கொண்டு ஆய்வகப் பரிசோதனை மூலம் உறுதி செய்ய வேண்டும்.

வாய்ப் புற்றுநோயை உமிழ்நீரில் கண்டறியும் ஆய்வுகள் பல நாடுகளில் நடைபெறுகின்றன. எனினும், சந்தையில் உள்ள உமிழ்நீர்ப் பரிசோதனைகளை இதற்குப் பரிந்துரைக்க இயலாது என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறியது. சந்தேகத்துக்குரிய புண்ணிலிருந்து சிறு திசுவை எடுத்து ஆராயும் பயாப்சியே உறுதியான முடிவைத் தரும்.

திருவனந்தபுரம் தந்த சான்று

கிராமப்புறத்தில் வாயைப் பார்த்துப் பரிசோதிப்பதால் பயன் உண்டா என்பதை அறிய, திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையமும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் இணைந்து 1996-ல் ஆய்வைத் தொடங்கின. மாவட்டத்தின் 13 பகுதிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டன. 7 பகுதிகளில் 35 வயதும் அதற்கு மேலும் உள்ளோரை, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் பரிசோதித்தனர். பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர், பட்டதாரிகள். எஞ்சிய 6 பகுதிகளில் வழக்கமான சிகிச்சை தொடர்ந்தது.

ஆர். சங்கரநாராயணன் தலைமையிலான குழு 2005-ல் லான்செட் இதழில் முடிவுகளை வெளியிட்டது. பரிசோதனைப் பிரிவில் இருந்த 96,517 பேரில் 91 சதவீதத்தினர் ஒருமுறையேனும் பரிசோதிக்கப்பட்டனர். ஒட்டுமொத்த மக்களிடையே இறப்பில் காணப்பட்ட வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதியானதாக இல்லை. ஆனால் புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளோரிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு விகிதம் 34 சதவீதம் குறைந்தது.

அதே ஆய்வு மற்றொரு உண்மையையும் வெளிப்படுத்தியது. சந்தேகத்துக்குரிய அறிகுறி கண்டறியப்பட்ட 5,145 பேரில் மேல்பரிசோதனைக்குச் சென்றவர்கள் 3,218 பேர் மட்டுமே. எஞ்சிய 1,927 பேர் அறிவுறுத்தப்பட்டபடி மருத்துவரை அணுகவில்லை. கண்டறிவது பாதி வேலை. மருத்துவரிடம் சென்று சேர்வதே மறுபாதி என்பதை இந்த எண்ணிக்கை உணர்த்துகிறது.

கவனிக்க வேண்டியவை

இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், துடைத்தாலும் நீங்காத வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, வாயை முழுமையாகத் திறக்க இயலாமை, காரம் பட்டால் எரிச்சல், கழுத்தில் கட்டி ஆகியவை மருத்துவரிடம் காட்ட வேண்டிய அறிகுறிகள். தொடக்கத்தில் இவற்றில் பல வலியின்றி இருக்கும் என்பதால், வலி வரட்டும் எனக் காத்திருப்பது ஆபத்தானது.

வெற்றிலை, பாக்கு, புகையிலை, மது ஆகிய பழக்கங்களில் ஏதேனும் ஒன்று உள்ளவர்கள் மாதம் ஒருமுறை நல்ல வெளிச்சத்தில், கண்ணாடியின் முன் நின்று உதடு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடிப்பகுதி, ஓரங்கள், ஈறு ஆகியவற்றைத் தாமே பார்த்துக்கொள்ளலாம். இருப்பினும் இது மருத்துவப் பரிசோதனைக்கு மாற்றாகாது.

பாறசாலையில் வட்டத் தலைமை மருத்துவமனையும் நெய்யாற்றின்கரையில் பொது மருத்துவமனையும் உள்ளன. திருவனந்தபுரத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் மண்டலப் புற்றுநோய் மையமும் இயங்கி வருகின்றன. கேரளத்தில் 30 வயதுக்கு மேற்பட்டோரிடம் சைலி செயலி வழியாகச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக விவரம் சேகரிக்கின்றனர். எல்லைக்கு அப்பால் தமிழகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் செயல்பட்டு வருகிறது. வீடு தேடி வரும் பணியாளரிடம் சர்க்கரை, இரத்த அழுத்தம் பற்றிக் கூறும்போதே வாயில் உள்ள புண்ணையும் திட்டையும் மறைக்காமல் கூறுவதும், மருத்துவமனைக்குச் செல்லுமாறு அறிவுறுத்தப்பட்டால் தாமதமின்றிச் செல்வதும் உயிர் காக்கும்.