விஜயநகரத்துக் கம்பளமும் லண்டன் தாயத்தும்

டோரேமான் கார்ட்டூனில், நோபிதாவின் மேசை டிராயரைத் திறந்தால் உள்ளே கால இயந்திரம் நிற்கும். டோரேமானோடு ஏறிக்கொண்டு டைனோசர் காலத்துக்கே போய்வரலாம். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. மாயத்தின் துணையோடு குழந்தைகள் சரித்திரத்துக்குள் நுழையும் இந்த விளையாட்டின் ஊற்றுக்கண்ணைத் தேடிப்போனால், ஒரு கம்பள வியாபாரியிடம் போய் நிற்கிறோம். அதுவும் நம் பக்கத்து வியாபாரி.

1709-இல் பாரிஸுக்கு வந்திருந்த அலெப்போ நகரத்து இளைஞர் ஹன்னா தியாப், அந்துவான் கலான் என்ற பிரெஞ்சு அறிஞருக்குக் கதைகள் சொன்னார். 'ஆயிரத்தொரு இரவுக'ளைப் பிரெஞ்சில் வெளியிட்டுவந்த கலான், கேட்ட கதைகளையும் அதிலேயே சேர்த்துவிட்டார். அலாவுதீனும் அலிபாபாவும் உள்ளே வந்தது இப்படித்தான். இளவரசன் அகமதுவின் கதையும் அவற்றில் ஒன்று. அதில் மூத்த இளவரசன் பறக்கும் கம்பளத்தை விலைக்கு வாங்கும் ஊர் 'பிஸ்நகார்'. விஜயநகரத்துக்கு வெளிநாட்டார் வைத்திருந்த பெயர் அது. 1565 போருக்குப் பின் பாழடைந்த நகரம், கதைக்குள் மட்டும் கடைத்தெரு களைகட்ட வாழ்ந்துகொண்டிருந்தது!

அந்தக் கம்பளம் 1904-இல் லண்டனில் வந்து இறங்கியது. ஈடித் நெஸ்பிட் எழுதிய கதையில், பிள்ளைகள் வீட்டுக்குள் பட்டாசு கொளுத்திப் பார்க்கிறார்கள், தரைவிரிப்பு கருகிப்போகிறது. அம்மா கடையிலிருந்து வாங்கிவரும் இன்னொன்று பறக்கிறது. ஆனால் கம்பளம் ஊர்களைத்தான் தாண்டும், காலத்தைத் தாண்டாது.

அடுத்த நூலுக்கு நெஸ்பிட் பிரிட்டிஷ் மியூசியத்தின் வாலிஸ் பட்ஜிடம் உதவி கேட்டார். எகிப்துக்குப் போய் பாப்பிரஸ் சுவடிகளை வாங்கி லண்டனுக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் பட்ஜ். அவருக்கே காணிக்கையாக்கப்பட்டு, 1906-இல் 'தாயத்தின் கதை' வெளிவந்தது. பழைய சாமான் கடையில் பிள்ளைகளுக்குச் சிவப்புக் கல் தாயத்து ஒன்று கிடைக்கிறது, அதுவும் பாதிதான். அதில் பொறித்த சொல்லைச் சொன்னால் தாயத்து வாசலாக வளரும். நுழைந்தால் எகிப்து, பாபிலோன், ஜூலியஸ் சீசரின் பாசறை. மறுபாதியைத் தேடித்தான் இத்தனை அலைச்சலும்.

ஹெச். ஜி. வெல்ஸ் 1895-லேயே கால இயந்திரத்தை எழுதிவிட்டார். நெஸ்பிட்டும் அவரும் ஃபேபியன் சங்கம் என்ற சோஷலிச அமைப்பில் தோழர்கள். தாயத்துக் கதையின் எதிர்கால லண்டனில் ஒரு சிறுவனுக்கு வெல்ஸ் என்றே பெயர். ஆனால் இயந்திரம் செய்ய ஒரு விஞ்ஞானி வேண்டும், தாயத்துக்குக் கடைக்குப் போகத் தெரிந்தால் போதும். சரித்திரத்தின் கதவைக் குழந்தைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தவர் நெஸ்பிட்தான்.

எனக்குப் பிடித்த இடம், பாபிலோன் ராணி லண்டனுக்கு வருவது. மியூசியத்தின் கண்ணாடிப் பெட்டிகளில் இருப்பவை தன் நகைகள் என்று சொல்லித் திருப்பிக் கேட்கிறாள். பட்ஜின் உதவியோடு எழுதிய புத்தகத்திலேயே அந்தக் கேள்வி!

அந்த ராணியை சி. எஸ். லூயிஸ் மறக்கவில்லை. 1955-இல் வந்த அவருடைய நார்னியா கதையில் சூனியக்காரி ஜாடிஸ் லண்டன் தெருக்களில் செய்யும் அட்டகாசம், ராணியின் வருகையிலிருந்து முளைத்தது. அமெரிக்காவின் எட்வர்ட் ஈகர், தன் மகனுக்குப் புத்தகம் தேடும்போது நெஸ்பிட்டைக் கண்டெடுத்தவர். தன் கதாபாத்திரங்களையும் நெஸ்பிட்டைப் படிக்கவைத்தார். 1954-இல் பாதி வரம் தரும் நாணயம் ஒன்றை எழுதினார். 1958-இல் ஒரு மூலிகைத் தோட்டம். ஆங்கிலத்தில் thyme என்ற செடியையும் காலத்தையும் ஒரே மாதிரி, 'டைம்' என்றே உச்சரிப்பார்கள். அவர் கதையில் அந்த இலையைக் கசக்கினால் காலம் மாறும்.

பிள்ளைகளைப் பழைய காலத்துக்கு அனுப்ப ஒரு வழி தேடிய எழுத்தாளர் மேரி போப் ஆஸ்போர்ன், மாய விசில், மாய நிலவறை என்று எழுதி எழுதிக் கிழித்துப்போட்டார். கணவரோடு நடக்கப் போனபோது கண்ணில் பட்டது சிதிலமடைந்த ஒரு மர வீடு. 1992-இல் தொடங்கிய 'மேஜிக் ட்ரீ ஹவுஸ்' வரிசை இன்று கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது.

நெஸ்பிட் 1924-இல் காலமானார். அவர் நூல்களுக்கு இப்போது காப்புரிமைத் தடை இல்லை, யாரும் தமிழாக்கலாம். ஆங்கிலம் தெரிந்த பெற்றோர்களே, ஓர் இரவு தாயத்துக் கதையை உங்கள் சொந்தத் தமிழில் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். கம்பளம் வாங்கிய ஊரின் பெயரையும் மறக்காமல் சொல்லுங்கள்.