கணக்குக் கேட்ட சபை

சுவாமிமலையில் அறுபது படி ஏறி முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பரீட்சை எழுத வந்தவர்கள் நம்மில் பலர். அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் தெற்கே சைக்கிளை மிதித்தால் சோழர்களின் பழைய தலைநகருக்கே போய்விடலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே வரலாற்று வகுப்பில்தான் தெரிந்தது.

அந்த ஊர் பழையாறை. அருகிலேயே சோழன்மாளிகை என்று ஒரு கிராமம். படைகள் தங்கிய நினைவாக ஆரியப்படையூர், பம்பைப்படையூர், மணப்படையூர், புதுப்படையூர் என்று நான்கு ஊர்கள். மாணவனாக இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், "அரண்மனை எங்கே இருக்கு, ஐயா?" என்று ஒரு பெரியவரைக் கேட்டேன். "அரமனையா? நீ நிக்கிறியே தம்பி, இந்த வரப்புதான்!" என்று சிரித்தார்.

ராஜேந்திர சோழன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படைக் கோயில் அங்கே நிற்கிறது. கடாரம் வரை படை அனுப்பிய குலத்தின் மாளிகையோ வயலாகிவிட்டது. 1279-இல் சோழர் ஆட்சியே முடிந்தது.

அந்த அதிகாரத்தில் மிஞ்சியது எது? கல்லில் வெட்டிய கணக்கு. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ராஜராஜன் கொடுத்த பொன் எவ்வளவு, எந்த ஊர் எவ்வளவு நெல் அளக்க வேண்டும் என்பதெல்லாம் சுவரிலேயே இருக்கிறது.

அதற்கும் முன்னால், முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் உத்தரமேரூர்ச் சபை இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரைக் குடத்தில் இடவே கூடாது. அவனுடைய நெருங்கிய உறவினர் பெயரும் கூடாது என்று விதி செய்தார்கள்.

இதை முழு ஜனநாயகம் என்று மேடையில் முழங்குவதில் எனக்குச் சம்மதமில்லை. அது பிராமணர் சபை. சொந்த நிலமும் வேதப் படிப்பும் கேட்டார்கள். பெண்ணுக்கு இடமில்லை, உழுதவனுக்கும் இடமில்லை. ஆனாலும் பதவியில் இருந்தவன் கணக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்ற அந்த ஒரு விதிக்கு இன்றும் வயதாகவில்லை.

1992-இல் வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தமும், 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அன்று விலக்கப்பட்டவர்களுக்கும் இடம் தந்தன. கிராம சபையில் வாக்காளர் யாரும் எழுந்து கேட்கலாம். கேட்கிறோமா? தலைவருக்கு மாலை போடத் தெரிகிறது. கணக்குக் கேட்கத்தான் கூச்சம். உண்மையைச் சொன்னால், நானும் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊர்க் கிராம சபை கூடும் நாளில் பின்வரிசையிலாவது போய் உட்காருங்கள். ஓட்டு வந்ததும் எழுந்து, "வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு?" என்று மரியாதையாகக் கேளுங்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே நம் மண்ணில் கேட்ட கேள்விதான் அது.